"அங்கே போங்க" என்பது செல்லாது

ஆசிரியருக்கு வணக்கம்.

கேரளத்துப் பாலக்காடு மாவட்டத்தில் கொழிஞ்சாம்பாறை, சித்தூர் பக்கத்துப் பெண்பிள்ளைகள் பலர் வேலந்தாவளம் வழியாகக் கோவைக்கும், கோபாலபுரம் வழியாகப் பொள்ளாச்சிக்கும் தினமும் படிக்கப் போய் வருகிறார்கள். பழகிய பையன் அங்கே வைத்து மிரட்டினாலோ, பிரிந்த பின்னும் பஸ் ஸ்டாண்டில் வந்து நின்றாலோ, ஊர் ஸ்டேஷனில் "நடந்தது தமிழ்நாட்டில், அங்கே போங்க" என்று சொல்லி அனுப்பிவிட முடியாது. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா (குற்றவியல் நடைமுறைச் சட்டம்), 173-வது பிரிவு: பிடிவாரண்ட் இல்லாமல் கைது செய்யக்கூடிய குற்றம் எங்கே நடந்திருந்தாலும் எந்த ஸ்டேஷனிலும் புகார் கொடுக்கலாம். ஜீரோ எஃப்ஐஆர் (ஸ்டேஷன் எல்லை பார்க்காமல் பதியும் முதல் தகவல் அறிக்கை) போட்டு உரிய இடத்துக்கு அனுப்புவது அவர்கள் வேலை. பின்தொடர்தல், பாலியல் தொல்லைப் புகாரைப் பெண் போலீஸோ வேறு பெண் அதிகாரியோதான் எழுதிக்கொள்ள வேண்டும். எஃப்ஐஆர் நகலுக்குக் காசு கிடையாது. வாங்க மறுத்தால் அதே புகாரை எஸ்.பி.க்குத் தபாலில் அனுப்பலாம்.

புகார் சறுக்குவது பெரும்பாலும் எழுதும் விதத்தில். "அடித்தான்" என்று மட்டும் எழுதினால் சிறு காயம் என்று ஒதுக்க இடமுண்டு. பின்தொடர்ந்தது, படத்தைப் பரப்புவேன் என்றது, எல்லாவற்றையும் தேதி, இடத்தோடு எழுத வேண்டும். ஸ்கிரீன்ஷாட்டிலும் ஒரு கோளாறு: அவன் நம்பர் 'செல்லம்' என்று சேமித்திருந்தால் படத்தில் செல்லம்தான் தெரியும், நம்பர் தெரியாது. நம்பர் காட்டும் பக்கத்தையும் தேதியையும் சேர்த்து எடுத்து, அக்காவோ தோழியோ, நம்பிக்கையானவர் போனுக்கு அனுப்புங்கள். வாட்ஸ்அப்பின் லிங்க்டு டிவைசஸில் (உங்கள் கணக்கு வேறு எங்கெல்லாம் திறந்திருக்கிறது என்று காட்டும் இடம்) தெரியாத கருவி இருக்கிறதா என்று பார்ப்பதும், பிளாக் செய்வதும் அதற்குப் பிறகு. முதலிலேயே வெட்டினால் அவன் உஷாராகி அனுப்பியதை அழிக்கப் பார்க்கலாம். படம் பரவிவிட்டால் சைபர் குற்ற உதவி எண் 1930.

கழுத்தை நெரித்திருந்தால் மேலே தடமே இல்லாவிட்டாலும் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். உள்வீக்கம் பல மணி நேரம் கழித்தும் மூச்சை அடைக்கும். குரல் கம்முவதும் விழுங்கச் சிரமப்படுவதும் அதன் அறிகுறி. பலாத்காரம் என்றால் குளிக்காமல், உடுத்திய துணியைத் துவைக்காமல் காகித உறையில் வைத்து எடுத்துப் போங்கள். பிளாஸ்டிக் பையில் ஈரம் தங்கித் தடயம் கெடும். முதலுதவி இலவசம், தனியார் ஆஸ்பத்திரியிலும்.

"கடைசியா ஒரே ஒரு தடவை பேசணும்" என்று தனியாகக் கூப்பிட்டால் போகவே வேண்டாம்.

ஆலோசனைக்கு 181, பதினெட்டு வயதுக்குக் கீழே 1098, இலவச வக்கீலுக்கு 15100, உடனடி ஆபத்துக்கு 112. எல்லையில் நம் போன் அந்தப் பக்கத்து டவரைப் பிடித்துக்கொள்வது எல்லாருக்கும் தெரிந்த தொல்லை. அழைப்பு பக்கத்து மாநிலத்துக்குப் போய்விடலாம். எடுத்ததும் முதல் வார்த்தையாக மாநிலம், ஊர், பக்கத்தில் உள்ள செக்போஸ்ட்டைச் சொல்லிவிடுங்கள்.

பெண்களுக்கான சட்ட உதவிப் பணியில் இருப்போர்,
கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்