சிம்டேகா தீதிக்கும், ராஞ்சியில் கூட இருந்த எல்லோருக்கும்

வணக்கம்.

2024 ஜனவரி 19-ஆம் தேதி சாயங்காலம் நடந்ததை மறுபடி எழுத எனக்குத் தெம்பு இல்லை. நீங்களும் பார்த்தீர்கள். ஒலிம்பிக்ஸுக்கான பெண்கள் ஹாக்கித் தகுதிப் போட்டியில், மூன்றாம் இடத்துக்கான ஆட்டத்தில் ஜப்பானிடம் தோற்றோம். பாரிஸ் கைவிட்டுப் போய்விட்டது. ஊர் திரும்பிய பிறகும் மனசு அந்த மைதானத்திலேயே நிற்கிறது. சொல்ல வேண்டிய நன்றியையாவது சொல்லிவிடுகிறேன்.

முதலில் தீதிக்கு, ஹிந்தியில் அக்காவுக்கு. உங்கள் பெயரைக்கூட நான் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. ஜார்க்கண்டின் சிம்டேகாவிலிருந்து பஸ்ஸில் மகளைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தீர்கள். ஜெர்மனியோடு அரையிறுதி நடந்த இரவு, கோவில்பட்டி வெயிலில் வளர்ந்த எனக்கு ராஞ்சியின் ஜனவரிக் குளிர் தாங்கவில்லை. ஒரு வார்த்தை பேசாமல் உங்கள் சால்வையின் ஒரு பாதியை எடுத்து என் தோளில் போட்டீர்கள். நமக்கு நடுவில் உங்கள் மகள். ஆட்டம் முடியும் தறுவாயில் இஷிகா சவுத்ரி 2-2 ஆக்கியபோது மூன்று பேரும் அந்தச் சால்வையோடு குதித்தோம். சமன் ஆனதால் வைத்த ஷூட் அவுட்டில் 3-4 என்று போனதும் அதற்குள்ளேயே அழுதோம்.

ஆனால் நான் காலத்துக்கும் கடமைப்பட்டிருப்பது மறுநாளுக்காக. ஜப்பான் ஆறாவது நிமிடத்திலேயே கோல் போட்டது. கோல் லைனிலிருந்து பந்தைத் தள்ளிவிட்டுக் கோலுக்கு அடிக்கிற பெனால்டி கார்னர் நமக்கு ஒன்பது கிடைத்தது, ஒன்றுகூட உள்ளே போகவில்லை. இதே மைதானத்தில், இதே ஜப்பானை, நவம்பரில் ஆசிய சாம்பியன்ஸ் கோப்பை இறுதிப்போட்டியில் 4-0 என்று ஜெயித்திருந்தோம். அதை நினைக்க நினைக்க நெஞ்சு அடைத்தது. ஆட்டம் முடிந்த ஹூட்டர் அடித்ததும் பையை எடுத்துக்கொண்டு எழுந்தேன். நீங்கள் என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தீர்கள். "இரு. அவங்க இன்னும் உள்ளே போகலை. நிமிர்ந்து பார்த்தா காலி நாற்காலிதான் தெரியணுமா?"

என் அரைகுறை ஹிந்திக்கும் அது நன்றாகவே புரிந்தது.

அப்புறம் நீங்கள் எழுந்து நின்று கை தட்ட ஆரம்பித்தீர்கள். அணியில் இருந்த உங்கள் பக்கத்துப் பெண்களான சலீமா, நிக்கி, சங்கீதாவை, தெருவில் விளையாடும் பிள்ளைகளைச் சாப்பிடக் கூப்பிடுவது போலப் பெயர் சொல்லிக் கூப்பிட்டீர்கள். ஹரியானாக்காரர் சவிதாவையும் அதே குரலில் கூப்பிட்டீர்கள். கோல்கீப்பர் பேடைக்கூடக் கழற்றாமல் நின்றிருந்த சவிதா நம் பக்கம் திரும்பிப் பார்த்தார் என்றே எனக்குத் தோன்றியது. நம்மைச் சுற்றி இருந்தவர்களில் பலர் கிளம்பாமல் நின்றதற்கு நீங்கள்தான் காரணம். தோற்ற அணிக்கு அந்த நேரத்தில் ரசிகர்கள் கொடுக்க முடிந்தது அது ஒன்றுதான். அதைக் கொடுக்காமல் போயிருப்பேன், நீங்கள் இல்லாவிட்டால்.

வெளியே டீக்கடையில் உங்கள் மகள் இரண்டு கிளாஸை வைத்து எனக்குப் பெனால்டி கார்னர் பாடம் எடுத்தாளே, அதையும் மறக்க முடியாது. "லைனிலேர்ந்து பந்து மெதுவா வருது. அதுக்குள்ள ஜப்பான் அக்கா ஓடி வந்துடறாங்க." டிவியில் பேசுகிறவர்கள் யாரும் எனக்கு இவ்வளவு தெளிவாகச் சொல்லவில்லை. மூங்கிலைச் சீவி ஸ்டிக் செய்து ஆடிய கதையையும், ஜெயித்த அணிக்கு ஆடு பரிசாகக் கொடுக்கும் கஸ்ஸி போட்டிகளையும் அங்கேதான் நீங்கள் சொல்லக் கேட்டேன். 1928-இல் ஆம்ஸ்டர்டாமில் இந்தியாவுக்குத் தலைமை தாங்கிய ஜெய்பால் சிங் பெயரில் அந்த மைதானம் இருப்பது எனக்குத் தெரியும். ஆனால் அவர் பிறந்த அந்த மண்ணில் ஹாக்கி எப்படி வளர்கிறது என்று உங்கள் வாயால் கேட்டபிறகுதான் புரிந்தது.

இப்போது எல்லோரும் அணியைக் கலைத்துக் கட்டு என்கிறார்கள். கட்டத்தான் வேண்டும். டோக்கியோ ஒலிம்பிக்ஸில் ஆஸ்திரேலியாவை 1-0 என்று சாய்த்தது குர்ஜித் கவுரின் பெனால்டி கார்னர். ராஞ்சியில் ஆடிய அணியில் அவர் இல்லை. அந்த இடத்தை நிரப்ப ஒருத்தரை ஜூனியர் வயதிலேயே பிடித்து, வருடக்கணக்கில் பழக்க வேண்டும். ஆனால் ராஞ்சியில் 33 வயதில் ஆடிய சவிதாவை வழியனுப்பிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்ற பேச்சு எனக்குச் சம்மதமில்லை. ராஞ்சியில் ஆடியபோது சலீமாவுக்கு 22, அதே அணியின் தீபிகாவுக்கு 20. 2028-இல் லாஸ் ஏஞ்சல்ஸில் நிற்கப்போவது அவர்கள்தான். அதுவரை அவர்கள் பக்கத்தில், ரியோவில் கடைசி இடத்தையும் டோக்கியோவில் நான்காம் இடத்தையும் பார்த்த ஒருத்தர் இருக்கட்டும். 1980 மாஸ்கோவுக்குப் பிறகு நம் பெண்கள் மறுபடி ஒலிம்பிக்ஸில் ஆட 36 வருடம் ஆயிற்று. அந்தக் காத்திருப்பைத் தாண்டி வந்த அணி இது. நாலு வருடம் பொறுக்க மாட்டோமா?

மற்றவர்களுக்கும் நன்றி: டிக்கெட் கிடைக்காமல் திண்டாடியபோது தன்பாத் எக்ஸ்பிரஸில் இடம் பிடித்துக் கொடுத்த கோவில்பட்டி நண்பர்களுக்கு, ராத்திரி எத்தனை மணிக்கு வந்தாலும் வெந்நீர் போட்டு வைத்த லாட்ஜ் தம்பிக்கு, மேளம் கொண்டுவந்து எங்களுக்கும் தாளம் சொல்லிக் கொடுத்த ரூர்கேலா பையன்களுக்கு, வாயில் அடைக்கும் வரை பொறுமையாகக் காத்திருந்த காவலர்களுக்கு.

அணிக்கு: இத்தாலியோடு ஆடிய ஆட்டம் உதிதாவின் நூறாவது ஆட்டம். முதல் நிமிடத்திலேயே கோல். அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. நன்றி, பெண்களே.

எங்கள் கோவில்பட்டியில் ஹாக்கிக்கு மைதானம் உண்டு, ரசிகர்கள் உண்டு. ஆண்கள் ஆடினால் உட்கார இடம் கிடைக்காது. பள்ளிப் பெண்கள் ஆடும்போது பெற்றோரைத் தவிர அதிகம் பேர் வருவதில்லை. இனி அந்த ஆட்டங்களுக்கு நான் போவேன், தோழிகளையும் இழுத்துக்கொண்டு போவேன்.

தீதி, உங்கள் பஸ் கிளம்பும் நேரத்தில் மகள் எழுதிக் கொடுத்த முகவரி பத்திரமாக இருக்கிறது. அவளுக்கு 35 அங்குல ஸ்டிக் ஒன்று பார்சலில் வருகிறது. விரிசல் விட்ட பழையதைத் தூக்கிப் போட வேண்டாம், டேப் சுற்றிப் பயிற்சிக்கு வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.