துளை சிறிது என்பதற்காக மட்டும் சம்மதிக்காதே

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. முள்ளியவளையில் மாரி தொடங்கிவிட்டது. இங்கே எல்லோரும் சுகம். முந்தாநாள் தொலைபேசியில், கருப்பையை எடுக்கச் சம்மதிக்கவா என்று நீ அழுதபடி கேட்டதற்கு உடனே பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆறுதலாக இருந்து எழுதுவதே சரியென்று பட்டது.

கருப்பைச் சுவரில் 7 சென்ரிமீற்றரில் பைப்ரொயிட் என்ற, புற்றுநோயல்லாத தசைக்கட்டி ஒன்று இருப்பதாகவும், இரத்தப்போக்கால் ஹீமோகுளோபின் 8.4 ஆக இறங்கிவிட்டதாகவும் சொன்னாய். லப்ரஸ்கோப்பி முறையில், அதாவது வயிற்றில் நாலு சிறு துளை போட்டுக் கமராவால் பார்த்தபடி, கருப்பையை எடுத்துவிடலாம், இரண்டு நாளில் வீட்டுக்குப் போகலாம் என்று டொக்டர் சொன்னதும் உன் மனம் அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டது. முப்பது வருடம் தாதியாக வேலை செய்தவள் என்ற முறையில் சொல்கிறேன், இதில் இரண்டு கேள்விகள் ஒன்றோடொன்று கலந்து கிடக்கின்றன. கருப்பையை எடுக்கத்தான் வேண்டுமா என்பது ஒன்று, எடுப்பதானால் எந்த வழியால் என்பது மற்றது. துளை சிறிது என்பது இரண்டாவதற்கு மட்டுமே பதில்.

எனக்கு அந்த முதற் கேள்வியே வாய்க்கவில்லை. இரண்டு வருடமாக இரத்தம் போய்க்கொண்டிருந்தும், போரால் மூடிக்கிடந்த ஏ9 பாதை 2002இல் திறந்த பிறகுதான் ஓமந்தைச் சோதனைச்சாவடியைத் தாண்டி ஆசுபத்திரிக்குப் போக முடிந்தது. இரத்தம் ஏற்றி, அடிவயிற்றைக் குறுக்காக வெட்டி, கருப்பையோடு இரண்டு சூலகங்களையும் எடுத்துவிட்டார்கள். சூலகத்தைப் பற்றி ஒருவரும் முன்கூட்டி என்னிடம் பேசவில்லை. ஆறு கிழமை கிணற்று வாளியைத் தூக்க முடியாமல் நான் கிடக்க, நீதான் விடியப்புறம் நாலு குடம் அள்ளி வைத்துவிட்டுப் போவாய். சூலகங்கள் போனதால் இரவில் உடம்பு திடீரெனக் கொதித்துச் சேலை நனைய, நான் எழும்பித் திண்ணையில் வந்து இருந்ததையும் நீ பார்த்திருக்கிறாய்.

அந்த வெட்டோடு ஒப்பிட்டால் லப்ரஸ்கோப்பி பெரிய வரம்தான். 1988இல் அமெரிக்காவில் ஹரி ரீச் என்ற வைத்தியர் முதன்முதலில் செய்த இந்த முறையில் நோவும் இரத்த இழப்பும் குறைவு. பெரும்பாலானோர் மூன்று நாலு கிழமையில் வழமைக்குத் திரும்புகிறார்கள். கட்டி திரும்பவும் வருமோ என்ற பயமும் கருப்பையோடு போய்விடும். ஆனாலும் சிறுநீர்ப்பைக்கோ சிறுநீர்க்குழாய்க்கோ காயம் நேரும் அபாயம் சிறிதளவு உண்டு. கருப்பை பெரிதாக இருந்தால் துளை வழியே எடுப்பதற்காக அதை உள்ளேயே துண்டு துண்டாக்குவார்கள். கட்டி என்று நினைத்தது மறைந்திருந்த புற்றுநோயாக இருந்தால் அது வயிற்றுக்குள் பரவக்கூடும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் 2014இல் எச்சரித்தது. கட்டிக்காகச் சத்திரசிகிச்சைக்குப் போகும் பெண்களில் ஏறத்தாழ 350 பேரில் ஒருவருக்கு அப்படி இருக்கலாம் என்பது அவர்கள் அப்போது போட்ட கணக்கு. ஆகவே எப்படி வெளியே எடுப்பீர்கள், பைக்குள் வைத்தா வெட்டுவீர்கள் என்று கூச்சப்படாமல் கேள். சூலகங்கள் நல்லபடியாக இருந்தால் அவற்றை விட்டுவிடும்படியும் சொல்.

மற்ற வழிகளுக்கு வருகிறேன். ட்ரனெக்ஸாமிக் அசிட் குளிசை இரத்தப்போக்கைக் குறைக்கும், கட்டியைச் சுருக்காது. கட்டியைச் சுருக்கும் ஹோர்மோன் ஊசியை நிறுத்தினால் அது மறுபடி வளரும். நெடுநாள் போட்டால் எலும்பு தேயும். கருப்பைக்குள் வைக்கும் ஹோர்மோன் கலந்த வளையம் பலருக்கு நல்ல பலன் தந்திருக்கிறது, ஆனால் கட்டி கருப்பையின் உட்புறத்தை நெளித்திருந்தால் அது நழுவி விழக்கூடும். கட்டியை மட்டும் எடுப்பது இன்னும் பிள்ளை வேண்டும் என்பவர்களுக்கே மிகவும் பொருந்தும். உனக்கு அந்த எண்ணம் இல்லை. அதிலும் புதிய கட்டிகள் முளைக்க இடமுண்டு.

நீ விசாரிக்காமல் விட்டது, கட்டிக்கு இரத்தம் கொண்டுபோகும் நாடியை அடைக்கும் சிகிச்சை. 1995இல் பாரிஸில் ரவினா என்ற வைத்தியர் இதை முதலில் எழுதி வெளியிட்டார். தொடையிலோ மணிக்கட்டிலோ உள்ள நாடி வழியே மெல்லிய குழாயைச் செலுத்தி, கருப்பைக்குப் போகும் நாடிகளில் மணல் போன்ற துகள்களை விடுவார்கள். இரத்தம் கிடைக்காமல் கட்டி மாதக்கணக்கில் சுருங்கும். முதல் இரவு நோவு கடுமையாக இருக்கும், ஆனாலும் ஒன்றிரண்டு கிழமையில் வேலைக்குப் போகலாம். சிலருக்குச் சில வருடங்களில் மறுபடி சிகிச்சை தேவைப்படுவதும் உண்மை. உனக்கோ 43 வயது; மாதவிடாய் நின்றபின் இக்கட்டிகள் பெரும்பாலும் தாமாகச் சுருங்குவதால், அதுவரை தாக்குப்பிடிக்க இது போதுமாக இருக்கலாம். இதைச் செய்பவர் கதிரியல் வைத்தியர், கத்தி பிடிப்பவர் அல்லர். அவரையும் ஒருமுறை சந்தித்த பிறகே ஒப்பமிடு.

அதற்குப் பிறகும் எடுப்பதே நல்லது என்று உனக்குப் பட்டால் தயங்காதே. கருப்பை போனால் பெண்மை போய்விடும் என்று சொல்லும் வாய்களை நான் இங்கே கிளினிக்கில் எத்தனையோ தடவை அடக்கியிருக்கிறேன்.

எந்த வழியானாலும் முதலில் ஹீமோகுளோபின் ஏற வேண்டும். இரும்புக் குளிசையைத் தேத்தண்ணியோடு விழுங்காமல் தோடம்பழச் சாற்றோடு எடு. சனிக்கிழமை இரவு கதைப்போம். ஸ்கான் அறிக்கையைப் பக்கத்தில் வைத்திரு, கட்டி எந்த இடத்தில் என்று எழுதியிருப்பதை எனக்கு வாசித்துக் காட்ட வேண்டும்.

அன்புடன்,
அம்மா