வெளியுறவுக் கொள்கை எங்கள் வீட்டு விஷயம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கட்சிகளின் வெளியுறவுக் கொள்கை பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். ஐ.நா. பாதுகாப்பு அவை, சீனா, அமெரிக்கா என்று நிறைய விஷயங்கள் இருந்தன. ஆனால் சாதாரண வாக்காளருக்கு இதிலெல்லாம் அக்கறை இருக்காது என்று எழுதியிருந்ததைத்தான் ஒத்துக்கொள்ள முடியவில்லை. நான் கோத்தகிரியில் இருக்கிறேன். இந்த நீலகிரி மலையில் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வந்து குடியேறியதற்கே இலங்கையோடு இந்தியா போட்ட ஒரு வெளியுறவு ஒப்பந்தம்தான் காரணம். எங்கள் குடும்பமும் அதில் ஒன்று.

அம்மா இலங்கையில் பதுளைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். பாட்டி பிறந்ததும் அங்கேதான். 1948இல் இலங்கை கொண்டுவந்த குடியுரிமைச் சட்டம், அவர்களைப் போல மலைத் தோட்டங்களில் இருந்த இந்திய வம்சாவளித் தமிழர்களை, அதாவது மலையகத் தமிழர்களை, நாடற்றவர்கள் ஆக்கியது. நேரு இருந்தவரை, இவர்கள் இலங்கையின் மக்கள், அவர்களுக்கு உரிமை கொடுக்க வேண்டியது இலங்கைதான் என்ற நிலையில் இருந்தார். 1964 மே மாதம் அவர் காலமானார். அதே ஆண்டு அக்டோபர் 30ஆம் தேதி அடுத்துப் பிரதமரான சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயகாவும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார்கள். ஆட்சியில் அதே காங்கிரஸ் கட்சிதான். ஐந்து மாதத்தில் நிலை மாறிவிட்டது. மொத்தம் 9,75,000 பேர் என்று கணக்குப் போட்டு, 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்வது, 3,00,000 பேரை இலங்கை வைத்துக்கொள்வது, மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்வது என்று முடிவு செய்தார்கள். யார் எந்தப் பக்கம் என்று விண்ணப்பம் வாங்கியதெல்லாம் அப்புறம்தான். தொகை முதலில் முடிவாகிவிட்டது. தோட்டத்தில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த யாரையும் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அங்கிருந்து கிளம்பியபோது அம்மாவுக்குப் பத்தொன்பது வயது. கப்பல் ஏற தலைமன்னார் துறைமுகத்துக்கு வந்த ரயிலை இன்றைக்கும் 'ஒப்பாரிக் கோச்சி' என்றுதான் சொல்வார்; கோச்சி என்றால் ரயில். தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடான ஒரே லயத்தில் அண்ணன் குடும்பம் அந்தப் பட்டியலில், தங்கை குடும்பம் இந்தப் பட்டியலில். பெட்டி முழுக்க அழுகை. பிறகு ராமானுஜம் கப்பல், ராமேஸ்வரம், மண்டபம் முகாம், கடைசியில் இந்தக் குளிர். தாயகம் திரும்பியோருக்கு வேலை கொடுக்கத் தமிழ்நாடு அரசு 1968இல் தேயிலைத் தோட்டங்களைத் தொடங்கியது. அதுதான் பிறகு டான்டீ என்ற அரசுத் தேயிலைக் கழகம் ஆனது. அந்த ஏற்பாடு இல்லாதிருந்தால் பல குடும்பங்கள் தெருவில் நின்றிருக்கும். அதை நன்றியோடு சொல்கிறேன்.

2024 மக்களவைத் தேர்தலில் கச்சத்தீவு பற்றி எத்தனை பேச்சு கேட்டோம்! 1974 ஒப்பந்தத்தைப் பிரதமரே எடுத்துப் பேசினார், மற்றவர்கள் பதில் சொன்னார்கள். மீனவர்களின் துயரம் உண்மையானது, அதைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அதே 1974இல்தான் இந்திராவும் சிறிமாவோவும், மிச்சம் வைத்திருந்த அந்த 1,50,000 பேரைப் பாதிப்பாதியாக, ஆளுக்கு 75,000 என்று பிரித்துக்கொண்டார்கள். அதைப் பற்றி எந்த மேடையிலும் ஒரு பேச்சு இல்லை. தீவு நினைவில் இருக்கிறது, பங்கு போடப்பட்ட மனிதர்கள் நினைவில் இல்லை. இது எனக்கு ஆறவே இல்லை.

அந்தக் கணக்கு இன்னும் முடியவும் இல்லை. 1983 கலவரத்துக்குப் பிறகு தப்பி வந்த மலையகத் தமிழர்களில் பலர் இன்றும் இங்கே அகதி முகாம்களில் குடியுரிமை இல்லாமல் இருக்கிறார்கள். 2019இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை, அப்படிப்பட்ட 65 பேரின் வழக்கில் அவர்களது விண்ணப்பங்களைப் பரிசீலிக்கச் சொன்னது. அதே ஆண்டு வந்த குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் மூன்றும் இருந்தன, இலங்கை இல்லை. குடியுரிமை கிடைத்த எங்களுக்கே சிக்கல் தீரவில்லை. என் மகளின் சாதிச் சான்றிதழுக்குப் போனபோது, 1950க்கு முன் குடும்பம் தமிழ்நாட்டில் இருந்ததற்கு ஆவணம் கேட்டார்கள். 1950இல் நாங்கள் எங்கே இருந்தோம் என்பது இரண்டு அரசுகளும் உட்கார்ந்து எண்ணி எழுதிய கணக்கு அல்லவா?

இன்னொன்று, தேயிலை விலை. சோவியத் ஒன்றியம் இருந்தவரை நீலகிரித் தேயிலைத் தூளுக்கு அங்கே நிச்சயமான சந்தை இருந்தது. 1991இல் அது கலைந்தது. 1990களின் கடைசியில் இங்கே இலை விலை சரிந்து சிறு விவசாயிகள் பட்ட பாட்டுக்குப் பல காரணங்கள் உண்டு, அதில் இதுவும் ஒன்று. ஈரானிடம் எண்ணெய் வாங்கி ரூபாயில் பணம் கொடுத்தபோது, அந்தப் பணத்தில் அவர்கள் நம் தேயிலையை வாங்கினார்கள். அமெரிக்கத் தடையால் 2019இல் எண்ணெய் வாங்குவது நின்றதும் அந்த வழியும் அடைபட்டது. டெல்லியில் எடுக்கும் முடிவு குன்னூர் தேயிலை ஏலத்தில் வந்து நிற்கிறது.

நல்லதும் நடந்திருக்கிறது. இலங்கையில் இந்தியா கட்டித் தர முன்வந்த 50,000 வீடுகளில் 4,000 மலையகத்துக்கு என்று காங்கிரஸ் கூட்டணி ஆட்சியில் திட்டம் வந்தது. 2017 மே மாதம் பிரதமர் மோடி மலையகத்தில் உள்ள நோர்வூட் வந்து இன்னும் 10,000 வீடுகளை அறிவித்தார், டிக்கோயாவில் இந்திய உதவியில் கட்டிய மருத்துவமனையையும் திறந்து வைத்தார். ஆட்சி மாறியும் ஒரு நல்ல வேலை தொடர்ந்ததைப் பாராட்டத்தான் வேண்டும். இலங்கையின் 2022 பொருளாதார நெருக்கடியின்போது தி.மு.க. அரசு சட்டமன்றத்தில் தீர்மானம் போட்டு 40,000 டன் அரிசியும் 500 டன் பால்மாவும் மருந்தும் அனுப்ப முடிவெடுத்தது. மே மாதம் முதல் கப்பல் சென்னையிலிருந்து கிளம்பியதை அம்மா தொலைக்காட்சியில் பார்த்துவிட்டு, "இந்தத் தடவை கப்பல் அந்தப் பக்கம் போகுது" என்று மட்டும் சொன்னார்.

இந்த உதவி நெருக்கடி வந்தால் மட்டும் என்று இல்லாமல் எப்போதும் உள்ள கொள்கையாக வேண்டும். லயங்களில் இருப்பவர்களுக்கு வீடும் நிலமும் பள்ளிக்கூடமும் கிடைக்க எந்தக் கட்சி என்ன செய்யும்? முகாமில் இருப்பவர்களின் குடியுரிமைக்கு எந்தக் கட்சி தேதி சொல்லும்? இனி ஒப்பந்தம் போடும் முன்னால், அதில் யாருடைய வாழ்க்கை எழுதப்படுகிறதோ அவர்களைக் கேட்போம் என்று எந்தக் கட்சி எழுதித் தரும்? வாக்குக் கேட்டு வருகிறவர்களிடம் நான் கேட்கப் போவது இவைதான்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த தேர்தல் அறிக்கைகள் வெளியாகும்போது எல்லாக் கட்சிகளின் வெளியுறவுப் பகுதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அப்படியே வெளியிடுங்கள். எழுத்து கொஞ்சம் பெரிதாக இருக்கட்டும். அம்மாவும் படிப்பார்.

அன்புடன்,
ஒரு பள்ளி ஆசிரியை,
கோத்தகிரி, நீலகிரி மாவட்டம்.