ஒரு நாளைத் தனுஷ்கோடிக்கே கொடு, கண்ணு

அன்புள்ள பாப்பாவுக்கு,

ஏற்காட்டிலிருந்து அத்தை எழுதுகிறேன். வெள்ளிக்கிழமை ராத்திரி சேலத்தில் காரெடுத்து ராமேஸ்வரம் போய், திங்கட்கிழமை காலையில் வேலைக்குத் திரும்பிவிடுவாய் என்று உன் அப்பா போனில் சொன்னார். நீ போட்ட பட்டியலையும் பார்த்தேன். 22 தீர்த்தம், பாம்பன் பாலம், குந்துகால், அக்னி தீர்த்தக் கரை, வில்லூண்டி, கோதண்டராமர் கோயில், தனுஷ்கோடி, அரிச்சல்முனை. வேண்டாம் கண்ணு, பாதியை அடித்துவிடு. சனிக்கிழமை முழுவதையும் தனுஷ்கோடிக்கே கொடு.

சனி ஞாயிறு வந்து போகிறவர்களை இந்த மலையில் இருந்துகொண்டு பார்க்கிறவள் நான். 20 கொண்டை ஊசி வளைவு ஏறி வருகிறார்கள். ஏரியில் ஒரு படகு, பகோடா பாயிண்டில் ஒரு போட்டோ, லேடீஸ் சீட்டில் இன்னொன்று, பஜ்ஜி, அவ்வளவுதான், இறங்கிவிடுகிறார்கள். காப்பித் தோட்டத்துக்குள் பத்து நிமிஷம் நிற்க நேரமில்லை. நீயும் தீவை அப்படிப் பார்த்துவிட்டு வரக்கூடாது.

தனுஷ்கோடி சாலையில் போகும்போது இடப்பக்கம் பாக் நீரிணை, வலப்பக்கம் மன்னார் வளைகுடா. இடப்பக்கத்தைப் பெண் கடல் என்றும் வலப்பக்கத்தை ஆண் கடல் என்றும் அங்கே சொல்வார்கள். ஒன்று ஆழமில்லாத கடல், இன்னொன்று ஆழக்கடல். ஆனால் அமைதியும் சீற்றமும் வருஷம் முழுக்க ஒரே பக்கம் இருப்பதில்லை. தென்மேற்குக் காற்று அடிக்கிற மாதங்களில் மன்னார்ப் பக்கம் கொந்தளிக்கும். ஐப்பசி, கார்த்திகையில் வாடை திரும்பினால் இடப்பக்கம் முறுக்கிக்கொள்ளும், வலப்பக்கம் அடங்கும். காரை ஓரங்கட்டிவிட்டு இரண்டு கரையிலும் நடந்து பார். சில இடங்களில் ஒரு கடலிலிருந்து இன்னொன்றுக்குக் கொஞ்ச தூரம்தான். நிலம் முடிகிற அரிச்சல்முனையில் மட்டும் தண்ணீரில் இறங்காதே. இரண்டு பக்கத்து நீரோட்டமும் மோதுகிற இடம், காலடி மணல் சரிந்துகொண்டே இருக்கும்.

நான் முக்கியமாகச் சொல்ல நினைத்தது தண்ணீரைப் பற்றி. சுற்றிலும் உப்புக்கடல் கிடக்க, அங்கே மணலைக் கையால் தோண்டினால் குடிக்கிற தண்ணீர் ஊறும். பெய்கிற மழை மணலுக்குள் இறங்கி, கீழே இருக்கிற உப்புத்தண்ணீரைவிட லேசானதால் அதன் மேலேயே தங்கிவிடுகிறது. அதனால் கொஞ்சமாகத்தான் தோண்ட வேண்டும், ஆழம் போனால் உப்புக் கரிக்கும். அங்கே குடிசை போட்டிருக்கும் மீனவக் குடும்பத்துப் பெண்கள், குழியில் ஊறுகிற தண்ணீரைக் கலக்காமல் கொஞ்சம் கொஞ்சமாக மொண்டு குடத்தில் ஊற்றுவார்கள். குடம் நிறைய நேரமாகும். அவர்கள் அனுமதித்தால் பக்கத்தில் உட்கார்ந்து பார். 1964 டிசம்பர் 22 ராத்திரிப் புயல் ஊரையும் பாம்பனிலிருந்து வந்த பாசஞ்சர் ரயிலையும் அடித்துக்கொண்டு போன பிறகு, வாழத் தகுதியில்லாத இடம் என்று அரசாங்கமே அறிவித்த மண் அது. அந்த மண்ணில் இன்றைக்கும் மனிதர்கள் இருக்கிறார்கள் என்றால் இந்த ஊற்றுக்கும் அதில் பங்கு உண்டு. அதன் பக்கத்தில் பிளாஸ்டிக் பாட்டிலும் தின்பண்டக் கவரும் கிடப்பதை நினைத்தாலே எனக்கு மனசு ஆறவில்லை. உங்கள் குப்பை ஒன்றுவிடாமல் காரிலேயே திரும்பி வரட்டும்.

அங்கே புயலில் இடிந்த சர்ச்சின் சுவரை நெருங்கிப் பார். அது பவளக் கல்லில் கட்டியது. பூப்பூவாக, சின்னச் சின்ன நட்சத்திரக் குழிகளாகத் தெரிவதெல்லாம் ஒரு காலத்தில் கடலுக்கடியில் உயிரோடு இருந்தவை. தொட்டுப் பார்க்கலாம், பெயர்க்கக்கூடாது. கடைகளில் பவளத்தை யாராவது நீட்டினாலும் வாங்காதே. 1972 வனவிலங்குச் சட்டப்படி குற்றம், அதைவிட அந்தக் கடலுக்குப் பாவம். சாயங்காலம் சோதனைச்சாவடியில் வண்டிகளைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள், அதனால் விடிந்ததுமே போய்விடு.

ஞாயிறு காலை பாம்பன் போதும். 1914இல் திறந்த பழைய ரயில் பாலத்துக்குப் பக்கத்தில் கட்டி, 2025 ஏப்ரலில் திறந்த புதுப்பாலத்தைப் பார். கப்பல் வந்தால் புதியதின் நடுப்பகுதி அப்படியே செங்குத்தாக மேலே போகும். அப்புறம் சின்னப்பாலம் பக்கம் போ. கடற்பாசி எடுக்கிற பெண்கள் அங்கே இருக்கிறார்கள். ஆக்ஸிஜன் சிலிண்டர் எதுவும் இல்லை, மூச்சடக்கி முங்குகிறார்கள். பாறை கிழிக்காமலிருக்க விரல்களில் துணி சுற்றிக்கொள்வார்கள். உள்ளங்காலில் கட்டிய தட்டுதான் துடுப்பு. ஐஸ்கிரீமையும் ஜெல்லியையும் கெட்டியாக்கச் சேர்க்கிற அகாரும் ஆல்ஜினேட்டும் இப்படி எடுத்த பாசியிலிருந்து வருகிறவை. கேட்காமல் போட்டோ எடுக்காதே. அக்கா என்று கூப்பிட்டு நாலு வார்த்தை பேசு, கடலைப் பற்றி அவர்களுக்குத் தெரிந்ததில் கொஞ்சமாவது உனக்குக் கிடைக்கும்.

மதியத்துக்குள் கிளம்பிவிடு, சேலம் கிட்டத்தட்ட 400 கிலோமீட்டர். எனக்கு ஏதாவது வாங்கித்தான் வருவேன் என்றால் நெத்திலிக் கருவாடு ஒரு கிலோ போதும்.

அன்புடன்,
உன் அத்தை