வேலூர் ராமபத்ரனும் உன் டபுள் பெடலும்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நான் அனுப்பிய கர்நாடக சங்கீதப் பாடகர் எம்.டி. ராமநாதனின் கச்சேரியைக் கேட்டுவிட்டு, "பாட்டு ஓகே மாமா, மிருதங்கக்காரர்தான் ஒண்ணுமே பண்ணலையே" என்று எழுதியிருந்தாய். ஒன்றுமே பண்ணாத அந்த மனிதர் நம்ம ஊர்ப் பெயரோடு அறியப்பட்டவர். வேலூர் ஜி. ராமபத்ரன். 2004-இல் கர்நாடக சங்கீதத்தின் பெரிய விருதான சங்கீத கலாநிதி வாங்கியவர். சும்மா உட்கார்ந்திருந்ததற்கு அதைக் கொடுக்க மாட்டார்கள். ஃபோனில் பேசினால் நாம் இருவரும் கத்திக்கொண்டுதான் இருப்போம். அதனால் எழுதுகிறேன். நீ டிரம்ஸ் வாசிக்கிற பேண்ட் பசங்களும் படிக்கட்டும்.

அவருடைய அப்பா கோபாலாச்சாரியார், தாளச் சொற்களை வாயால் சொல்லும் கொன்னக்கோலில் வித்வான். மோரா, கோர்வை என்று தாளக் கணக்கெல்லாம் வீட்டுப் பேச்சாகவே புழங்கியிருக்கும். ஆகவே வராததால் வாசிக்கவில்லை என்ற பேச்சுக்கே இடமில்லை.

இனி அந்தப் பதிவை மறுபடி கேள். ராமநாதன் பாடுவது சௌக்க காலம், அதாவது ரொம்ப மெதுவான நடை. ஒரு தட்டுக்கும் அடுத்த தட்டுக்கும் நடுவே அவ்வளவு இடம் கிடக்கும். பக்கத்தில் மிருதங்கத்தோடு உட்கார்ந்தவனுக்குக் கை அரிக்கும். நாலு சொல்லைப் போட்டு நிரப்பினால் கைதட்டலும் கிடைக்கும். ராமபத்ரன் நிரப்ப மாட்டார். சர்வலகுவாக, கணக்குக் காட்டாமல் பாட்டின் ஓட்டத்தோடு போய்க்கொண்டே இருப்பார். பாடகர் ஒரு சங்கதியை முடித்து மூச்சு வாங்குகிற இடத்தில் இடது கையால் ஒரு கும்கி, அவ்வளவுதான்.

அந்தக் கும்கி எப்படி வருகிறது தெரியுமா? மிருதங்கத்தின் இடது பக்கமான தொப்பியின் நடுவில் ரவையைப் பிசைந்து அப்பியிருப்பார்கள். அந்த ஈரக் கனம்தான் கீழ்ச்சுருதியைக் கொடுக்கிறது. தட்டியதும் கையை எடுத்துவிடாமல் உள்ளங்கையின் அடிப்பாகத்தால் தோலை அழுத்திக்கொண்டே நகர்த்தினால், நாதம் வளைந்து மேலே ஏறும். கொஞ்சம் அதிகம் அழுத்தினால் நாதம் செத்துவிடும், குறைத்தால் வெறும் 'தொம்' என்று நின்றுவிடும். ரவை காய்ந்துவிட்டால் அதுவும் போச்சு. அந்த ஒரு வளைவை ஒவ்வொரு முறையும் ஒரே தரத்தில், சரியான இடத்தில் வைப்பதற்கு எத்தனை வருஷம் கை பழகியிருக்க வேண்டும்! எனக்குப் படிந்ததே இல்லை.

நீயும் உன் நண்பர்களும் ஒரு வாதம் வைத்திருக்கிறீர்கள்: ஃபீல் வேறு, டெக்னிக் வேறு. வேகமாக வாசிப்பவனுக்கு மனசில்லை, மெதுவாக வாசிப்பவனுக்குக் கை இல்லை. இந்தப் பாகப்பிரிவினையை யார் செய்து கொடுத்தார்கள் என்று தெரியவில்லை. ராமபத்ரனிடம் நீ ஃபீல் என்று சொல்வது முழுக்க முழுக்கக் கை வேலை. அதோடு காது வேலை. பாடகர் எங்கே போகிறார் என்று முன்கூட்டியே தெரியாதவனால் எதையும் விட முடியாது. பயத்தில் எல்லாவற்றையும் வாசித்துத் தள்ளிவிடுவான்.

உங்கள் ராக் பக்கத்திலேயே ஆள் இருக்கிறார். ரோலிங் ஸ்டோன்ஸின் சார்லி வாட்ஸ். பழைய கச்சேரி வீடியோ ஏதாவது ஒன்றை எடுத்து, அவர் வலது கையை மட்டும் பார். ஹை-ஹாட் என்ற ஜோடி சிம்பலில் ஓடிக்கொண்டே இருக்கும் கை, ஸ்நேர் டிரம் அடி விழுகிற இரண்டாவது, நாலாவது எண்ணிக்கையில் சட்டென்று விலகிவிடும். ஸ்நேர் தனியாக விழும். எல்லாரும் அடிக்கிற ஒரு அடியை அவர் விட்டுவிடுகிறார், பாட்டுக்கு ஒரு நடையே வந்துவிடுகிறது. 1963-இல் சேர்ந்து 2021-இல் சாகும்வரை அந்த பேண்டில் அவர்தான் டிரம்ஸ். ஜாஸ் பைத்தியம் பிடித்த மனுஷன், கடைசிவரை சின்ன செட்தான்.

சரி, இதற்காக மாமா வேகத்துக்கு எதிரி என்று முடிவு கட்டிவிடாதே. மெதுவாக வாசித்தாலே ஆழம் என்று தலையாட்டும் கூட்டம் சபாக்களில் நிறையவே உண்டு, அவர்களோடு எனக்கு ஒத்துவராது. நம்ம வட ஆற்காட்டுத் தெருக்கூத்தைப் பார். அதிலும் மிருதங்கம்தான் இருக்கிறது, பக்கத்தில் முகவீணையும் ஆர்மோனியமும். திரைக்குப் பின்னால் வேஷக்காரர் விருத்தம் பாடுகிறவரை மிருதங்கம் அடங்கிக் கிடக்கும். திரை விலகி, கிரீடமும் புஜக்கட்டையும் சலங்கையுமாக அவர் சுழன்று ஆட ஆரம்பித்ததும் வருமே ஒரு அடி! அங்கே யாராவது சௌக்கமாக வாசித்தால் கர்ணன் கர்ணனாகவே இருக்க மாட்டான். அந்த வேகம்தான் அவன் திமிர், அவன் கோபம். அப்புறம் பொன்னுருவி அழும்போது அதே கை, அதே தோல், வேறு மாதிரி பேசும். கூத்து வாத்தியாரிடம் போய் ஃபீலா டெக்னிக்கா என்று கேட்டுப் பார், உன்னை மேலும் கீழும் பார்ப்பார்.

டிரம்மர் ஜான் பானமும் அப்படித்தான். லெட் செப்பெலினின் முதல் ஆல்பம், 1969. அதன் முதல் பாட்டில் காலால் அடிக்கும் கிக் டிரம்மில் பொலபொலவென்று விழுகிற அந்த அடிகளை, இரண்டு காலாலும் மிதிக்கிற டபுள் பெடல் என்று நம்பியவர்கள் ஏராளம். ஒரே பெடல், ஒரே கால். அந்த வேகம் கித்தாரை மூடவில்லை, தூக்கிக்கொண்டு போகிறது. ஆனால் மேடையில் அவர் தனி வாசிப்பு சில நாள் அரைமணி நேரம் போகும். வெறுங்கையாலும் வாசிப்பார். அதில் பாதி எனக்குச் சர்க்கஸ்தான். நம்ம கச்சேரியில் மிருதங்கம் தனியாக வாசிக்கும் தனி ஆவர்த்தனத்திலும் அந்த வியாதி உண்டு. பாடகர் தாளம் போட்டுக்கொண்டே கடிகாரத்தைப் பார்ப்பதை நானே பார்த்திருக்கிறேன்.

உன் தெய்வம் நீல் பியர்ட்டை எடுத்துக்கொள். ரஷ் பேண்டில் இருபது வருஷம் டிரம்ஸ் வாசித்து, உலகமே கும்பிட்ட பிறகு, 1990-களின் நடுவில் ஃப்ரெடி க்ரூபர் என்ற வாத்தியாரிடம் போய் மாணவனாக உட்கார்ந்தார். குச்சி பிடிப்பதிலிருந்து மாற்றிக்கொண்டார். நோட்டு ஒன்றும் குறைவில்லை அவரிடம். இரண்டு அடிகளுக்கு நடுவே கை எப்படி நகர்கிறது என்பதைக் கற்றுக்கொள்ளத்தான் போனார். உன் அறைச் சுவரில் அவர் படத்தை ஒட்டியிருக்கிறாய், இதை யோசித்தாயா?

அடுத்த பிராக்டிஸில் ஒன்று செய். உங்கள் பாட்டு ஒன்றை கிக், ஸ்நேர், ஹை-ஹாட் மூன்றோடு மட்டும் வாசி, இடம் நிரப்புகிற ஃபில் ஒன்றுகூட வேண்டாம். பாடுகிற பையன் எங்கே மூச்சு வாங்குகிறான் என்று உனக்குத் தெரிகிறதா பார். ரெக்கார்ட் பண்ணி எனக்கு அனுப்பு.

டபுள் பெடலுக்குப் பணம் கேட்டிருந்தாயே, பாதி நான் போடுகிறேன். மீதியை உன் அப்பாவிடம் கேட்டுக்கொள். மாமா சொன்னார் என்று மட்டும் சொல்லிவிடாதே.

அன்புடன்,
மாமா
சத்துவாச்சாரி