மிதியைத் திருப்பிப் பூட்டியாச்சு

அன்புள்ள மகளுக்கு,

அம்மா எழுதுவது. நலம் என்று தொடங்கினால் நீ நம்பமாட்டாய். போன ஞாயிறு போனைக் கதிரையில் சாய்த்துவைத்துவிட்டுத் தேங்காய் எடுக்க எழும்பினேன், அது சரிந்து என் காலைக் காட்டிக் கொடுத்துவிட்டது. "என்னம்மா கால் பனங்குற்றி மாதிரி?" என்று நீ கத்த, கவரேஜ் இல்லை என்று நிப்பாட்டினேன். கவரேஜ் நன்றாகத்தான் இருந்தது.

மூன்று மாதமாகவே பின்னேரமானால் இரண்டு கணுக்காலும் வீங்கும். செருப்பு வார் பதிந்த தடம் படுக்கும்வரை இருக்கும். விடிய எழும்பினால் வற்றியிருக்கும், அதனால் பெரிதாக எடுக்கவில்லை. உனக்குச் சொன்னால் கொழும்பில் காட்டு என்று காசு அனுப்புவாய். அந்தக் காசுக்கு நீ எத்தனை இரவு கண்விழிக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும்.

மறைத்ததோடு நிற்கவில்லை. பக்கத்து வீட்டு அக்கா சொன்னா என்று மருந்துக்கடையில் சலம் போகிற குளிசை வாங்கிப் போட்டேன். பார்லியும் அவித்துக் குடித்தேன். சலம் போனது, வீக்கம் போகவில்லை, தலைச்சுற்றுத்தான் மிச்சம்.

பிறகுதான் கிளினிக்கில் காட்டினேன். டொக்டர் பிள்ளைக்கு உன்னைவிட இரண்டு வயது கூட இருக்கலாம். பெருவிரலால் முன்னங்காலை அழுத்தி எடுத்தா, குழி அப்படியே நின்றது. படுத்தால் மூச்சு முட்டுகிறதா, முகம் வீங்குகிறதா, சலம் நுரைக்கிறதா என்று கேட்டா. இரத்தம், சலம், ஈ.சி.ஜி. எல்லாம் பார்த்தார்கள். வவுனியாப் பக்கம் கமம் செய்தவர்களுக்குச் சிறுநீரக வருத்தம் வந்த கதைகளைக் கேட்ட எனக்கு, முடிவு வரும்வரை நித்திரையே இல்லை.

இதயமும் சிறுநீரகமும் ஈரலும் பிழையில்லை, பிள்ளை. என் பிரஷர் குளிசைதான் வேலையைக் காட்டியிருக்கிறது. அம்லோடிபினை 5 மில்லிகிராமிலிருந்து 10 ஆகக் கூட்டியிருந்தார்கள். அது சின்ன இரத்தக் குழாய்களை விரிக்க, நீர் கசிந்து காலில் இறங்குமாம். அந்த வீக்கம் சலக் குளிசைக்கு அசையாதாம். திரும்ப 5 ஆக்கி, வேறொரு குளிசை சேர்த்துத் தந்தா. "நீங்களாக ஒன்றையும் நிப்பாட்டவும் வேண்டாம், வாங்கிப் போடவும் வேண்டாம்" என்று நல்ல ஏச்சு. மூட்டு நோவுக்கு நான் போடுகிற டைக்ளோபெனாக்கையும் பறித்துவிட்டா, அது உப்பையும் தண்ணியையும் உடம்பில் மறிக்குமாம்.

அப்புறம் என்ன வேலை என்று கேட்டா. தையல் என்றேன். "மிதிக்கிற மிசினா?"

இதை உனக்கு எழுதத்தான் தயக்கமாக இருந்தது. நீ அனுப்பிய காசில் இரண்டு வருடத்துக்கு முன் மோட்டர் பூட்டினோமே, அதற்குப் பிறகு என் கால் வெறுமனே தொங்கிக்கொண்டுதான் இருந்தது. காலுக்கு இறங்கிய இரத்தத்தை மேலே தள்ளுவது கெண்டைச் சதையாம். அது இறுகி இளகும்போது இரத்தம் ஏறும், திரும்பி இறங்காமல் குழாய்க்குள் சின்னச் சின்னக் கதவுகள் தடுக்கும். முப்பது வருடம் மிதித்து மிதித்து என்னை அறியாமலே பம்ப் அடித்திருக்கிறேன். 2009 இல் சண்டைக்குள் இடம்பெயர்ந்து அவ்வளவு தூரம் நடந்தும் வீங்காத கால், கதிரையில் சொகுசாக இருந்து வீங்கியிருக்கிறது! உன்னைக் குறை சொல்லவில்லை, மோட்டர் வந்ததில் மிகவும் சந்தோஷப்பட்டவள் நான்தான்.

இப்போது மத்தியானமும் பின்னேரமும் பாயில் படுத்து, இரண்டு தலையணையில் காலை நெஞ்சுக்கு மேலே உயர்த்தி இருபது நிமிடம் வைத்திருக்கிறேன். சாய்மனைக் கதிரையில் காலை நீட்டினால் போதாதா என்றால், போதாதாம். நீ போன வருடம் அனுப்பிய இறுக்கக் காலுறையை வீங்கிய பிறகு பின்னேரத்தில் இழுத்து மாட்டப் பார்த்து அப்பாவும் நானும் வேர்த்ததுதான் மிச்சம். அதை விடியக் கட்டிலை விட்டு இறங்குமுன் போட வேண்டுமாம். இந்த வெக்கையில் எத்தனை நாள் போடுவேனோ தெரியாது.

உப்புத்தான் பெரிய சண்டை. எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள், ஒரு தேக்கரண்டி. ஆனையிறவில் உப்பு விளைய, முல்லைத்தீவில் கருவாடு காய, நடுவில் இருந்துகொண்டு மோர்மிளகாயும் ஊறுகாயும் இல்லாமல் சோறு தின்னச் சொல்கிறார்கள். "உப்பில்லாப் பண்டம் குப்பையிலே" என்று அப்பா ஒவ்வொரு இரவும் சொதிக்கு முன்னால் சொல்கிறார். வற்றாப்பளை அம்மன் கோயிலில் கடல் உப்புத் தண்ணியில் விளக்கெரியும் என்பார்கள், எனக்கு மட்டும் உப்பு விலக்கு. தேசிக்காயும் மிளகும் கூடப் போட்டுச் சமாளிக்கிறேன். இரண்டு கிழமையில் செருப்புத் தடம் பாதி குறைந்துவிட்டது.

அம்மன் கோயில் வைகாசிப் பொங்கலுக்கு வருகிறேன் என்றாய். விமானத்தில் அத்தனை மணித்தியாலம், பிறகு கட்டுநாயக்காவிலிருந்து வான் வண்டியிலும் ஏழெட்டு மணித்தியாலம். ஓரச் சீட் எடுத்து இடைக்கிடை எழும்பி நட, இருக்கும்போது குதிக்காலைத் தூக்கித் தூக்கி இறக்கு. இரண்டு காலும் கொஞ்சம் வீங்கினால் பயப்படாதே. ஒரு கால் மட்டும் வீங்கி, கெண்டை நொந்து சூடாக இருந்தால் எண்ணெய் போட்டு உருவிக்கொண்டிருக்காமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போ, அது இரத்தக் கட்டியாக இருக்கலாம். நெஞ்சு நொந்தாலோ மூச்சு எடுக்கக் கஷ்டமானாலோ ஒரு நிமிடமும் பார்க்காதே. என்னைப்போல் கவரேஜ் இல்லை என்று சொல்லாதே.

மோட்டரைக் கழற்றிப் பெட்டியில் வைத்துவிட்டு அப்பா மிதியைத் திருப்பிப் பூட்டித் தந்துவிட்டார். எண்ணெய் விட்டும் கொஞ்சம் கிறீச்சிடுகிறது. பொங்கலுக்கு உனக்கொரு சட்டை வெட்ட வேண்டும், அளவு அனுப்பு. கலியாணத்துக்கு முந்திய அளவை அனுப்பி ஏமாற்றாதே.

அன்புடன்,
அம்மா
முள்ளியவளை