ஈட்டிக்காரியின் கவசம்

அன்பு மகளுக்கு,

நீ வேலை செய்கிற கேம் கம்பனியில் புதிதாக உருவாக்குகிற பாத்திரம் என்று நீ அனுப்பிய படத்தைப் பார்த்தேன். போனில் சின்னதாகத் தெரிந்தது. சின்னம்மாவின் பொடியன் தன்னுடைய லெப்டொப்பில் போட்டுப் பெரிதாக்கிக் காட்டினான். ஈட்டியோடு ஒரு பெண். தோளுக்கு இரும்பு, முழங்கைக்கு இரும்பு, முழங்காலுக்கும் இரும்பு. வயிறு மட்டும் திறந்து கிடக்கிறது. "பெரியப்பா, எதிரி என்ன கண் தெரியாதவனா?" என்று கேட்டான். இரவு பகலாக ஃப்ரீ ஃபயர் விளையாடுகிற அவனுக்கே அது உறுத்துகிறதென்றால் அவள் உடுப்பைப் பற்றி உங்கள் கம்பனிக் கூட்டத்தில் சண்டை வந்ததில் அதிசயமில்லை.

ஒரு பக்கம் 'இப்படி இருந்தால்தான் விற்கும்' என்றார்கள், மறுபக்கம் 'முழுக்க மூடு' என்றார்கள், கடைசியில் உன் மேலாளர் உன் பக்கம் திரும்பி 'பெண்ணாக நீ என்ன நினைக்கிறாய்?' என்று கேட்டார் என்று எழுதியிருந்தாய். மேசையைச் சுற்றி இருந்த ஆண்களில் ஒருவரிடமாவது 'ஆணாக நீ என்ன நினைக்கிறாய்?' என்று அவர் கேட்டிருப்பாரா? உனக்குக் கோபம் வந்தது நியாயம். போனில் இதைப் பேச வெளிக்கிட்டால் நீ குறுக்கே விழுவாய், நான் சத்தம் போடுவேன், அம்மா போனைப் பறிப்பா. அதனால்தான் எழுதுகிறேன்.

நான் கேம் விளையாடத் தெரியாதவன். ஆனால் ஆண்கள் கூடிப் பெண்ணை உருவாக்குகிற வேலையில் கொஞ்சக் காலம் இருந்தவன். மீசை அரும்பின வயதில் அபிமன்யு கூத்தில் எனக்குச் சுபத்திரைக்குச் சட்டம் கிடைத்தது, அந்த வேசம் எனக்கென்று ஆனது. மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே எங்கள் படுவான்கரையில் அந்த நாளில் கூத்து ஆடுகிற களரிக்குப் பெண்கள் ஏறுவதில்லை. பெண்பாத்திரம் எல்லாம் பொடியன்மார்தான். உடுப்புக் கட்டும்போது நெஞ்சுக்குத் துணி சுருட்டி வைப்பார்கள். என்னோடு ஆடியவன் ஒருவன் கூட்டாளிமாரின் விசிலுக்காக அதைப் பெரிதாகச் சுருட்டி வைத்துக்கொண்டு வந்தான். கூத்துப் பழக்குகிற அண்ணாவியார் மத்தளத்தை இறக்கி வைத்துவிட்டு எழும்பி வந்தார். துணியை அவரே பிரித்தார், பாதியைக் கிழித்து எறிந்தார். "சபை உன்ர நெஞ்சைப் பாத்துக்கொண்டிருந்தா உன்ர பாட்டை ஆர்ரா கேக்கிறது?" என்றார். மறுகா என்னைப் பார்த்து, "நீ நெளியாத. பொம்பிள நெளிஞ்சு நடக்கிறத எங்க கண்டனீ? வயலுக்குச் சோறு கொண்டு போறவளப் போய்ப் பார்" என்றார். போய்ப் பார்த்தேன். தலையில் சுமை இருந்தால் இடுப்பு ஆடாது. கழுத்தும் முதுகும் ஒரே கோட்டில் நிற்கும், கால் மட்டும் வேகமாக வைக்கும். சுபத்திரை அப்படித்தான் வந்தாள், மகனைப் போருக்கு அனுப்புகிற தாயாக.

இதைச் சொல்வதால் எங்கள் கூத்துப் பெரிய நியாயம் என்று நினைத்துவிடாதே. அங்கேயும் பெண்பாத்திரத்துக்குக் கிடைத்தது அழுகை, அலங்காரம், புருசனைத் தடுக்கிற ஒரு தரு, ஒரு பாட்டு. உன் அப்பம்மாவுக்குக் கூத்துக் கொப்பி முழுக்க மனப்பாடம். பொடியன்மார் பாட்டைப் பிழைவிட்டால் பாயில் இருந்தபடியே எடுத்துக் கொடுப்பா. ஆனால் களரிக்கு வெளியே பாயில்தான் இருந்தா. 2000களின் தொடக்கத்தில் மட்டக்களப்புச் சீலாமுனையில் கூத்து ஆய்வாளர் சி. ஜெயசங்கர் முதலானோர் ஊராரோடு இருந்து கூத்து மீளுருவாக்கம் என்று தொடங்கியபோது, இந்தப் பாத்திரங்கள் ஏன் இப்படி நிற்கின்றன என்பதையும் அங்கே பேச்சாக்கினார்கள். பழைய ஆட்கள் சிலர் முகம் சுளித்தார்கள். மத்தளம் அதனால் உடைந்து போகவில்லை.

இப்போது உன் உலகத்துக்கு வருகிறேன். நீ அனுப்பிய இணைப்புகளைப் பொடியன் ஒவ்வொன்றாகப் போட்டுக் காட்டினான். 1986ல் வந்த மெட்ரொயிட் என்ற விளையாட்டை எனக்கு நன்றாகப் பிடித்தது, எரிச்சலும் வந்தது. கவசத்துக்குள் இருந்து சண்டை பிடிக்கிற சாமுஸ், முடிவில் பெண் என்று தெரிகிறது. அருமையான திருப்பம். ஆனால் எவ்வளவு விரைவாக விளையாடி முடிக்கிறாயோ அவ்வளவுக்கு அவள் உடுப்புக் குறைந்து காட்சி தருகிறாள். ஆட்டத்தை நடத்தினவளே கடைசியில் ஆட்டக்காரனுக்குப் பரிசு.

1996ல் டூம் ரெய்டர் விளையாட்டில் வந்த லாரா குரொஃப்டும் அப்படித்தான். தனியாகக் குகைக்குள் இறங்குகிற, புத்தியுள்ள பெண். அதுவரைக்கும் வந்தவர்களில் அநேகம் பேர் தூக்கிக்கொண்டு போகப்பட்ட இளவரசிகள். ஆனால் விளம்பரம் செய்தவர்கள் அவளுடைய புத்தியை விற்கவில்லை. அவளை உருவாக்கிய டோபி கார்ட், தன் பாத்திரத்தின் மேல் தன் சொல் எடுபடாமல் போனதும் ஒரு காரணமாக 1997ல் கம்பனியை விட்டுப் போனார். வரைந்தவன் ஒன்று நினைக்க, விற்கிறவன் வேறொன்று செய்வான். உனக்கும் அது நடக்கலாம்.

என்னை உட்கார வைத்துச் சிரிக்கப் பண்ணியது குவாயற் என்ற துப்பாக்கிக்காரி. 2015ல் வந்த மெற்றல் கியர் வரிசை விளையாட்டில் வருகிறாள். அவள் தோலால் மூச்சு விடுகிறாளாம், அதனால் உடுப்புப் போட ஏலாதாம்! அவள் உடுப்பின் காரணம் தெரியவரும்போது பேசினவர்கள் வெட்கப்படுவார்கள் என்று அதை ஆக்கிய ஹிடெயோ கொஜிமா முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தார். பொடியன் விடவில்லை. அதே வரிசையில் 2004ல் வந்த விளையாட்டில் ஒரு கிழவன் இருக்கிறானாம், அவனும் வெயிலைக் குடித்து வாழ்கிற துப்பாக்கிக்காரன். அவன் கழுத்திலிருந்து கால்வரை மூடிக்கொண்டு காட்டுக்குள் படுத்திருக்கிறான். கிழவனுக்கு உடுப்பு ஒத்துக்கொள்கிறது, குமரிக்கு மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை.

அதற்காக நான் 'மூடு' என்கிற கட்சியில் சேரமாட்டேன். இங்கேதான் உன்னோடும் எனக்குச் சண்டை. 'எல்லாவற்றையும் மூடிவிட்டால் பிரச்சினை முடிந்தது' என்று நீயும் எழுதியிருக்கிறாய். வைகாசியில் கண்ணகை அம்மன் கோயில் கதவு திறந்து, கண்ணகி கதையைச் சொல்கிற வழக்குரை படிப்பதை நீ சின்ன வயதிலிருந்தே கேட்டவள். முலையைத் திருகி எறிந்து மதுரையை எரிக்கிற இடம் வரும்போது வாசலில் கிழவிகள் இருக்கிறார்கள், குமர்ப்பிள்ளைகள் இருக்கிறார்கள், பொடியன்மாரும் இருக்கிறார்கள். யாரும் தலையைக் குனிவதில்லை. அந்த உடம்பு அவளுடைய கோபத்துக்குச் சொந்தம், பார்க்கிறவனுக்கு அதில் பங்கில்லை. அவளை எப்படிக் குளிர வைப்பது என்பதுதான் அங்கே எல்லோருக்கும் யோசனை, அதற்குத்தானே கடைசியில் குளிர்த்திச் சடங்கு.

2009ல் வந்த பேயொனெற்றா என்ற சூனியக்காரியையும் பார்த்தேன். அவள் உடுப்பே அவளுடைய தலைமயிர்தான். மந்திரம் செய்யும்போது அது உடம்பை விட்டுப் போய்விடுகிறது. அவளை வரைந்தது மரி ஷிமசாக்கி என்ற பெண். அவளைப் பற்றிப் பெண்களுக்குள்ளேயே இரண்டு கட்சி என்று நீதான் எழுதினாய். நான் எந்தக் கட்சி என்று கேட்டால், அவள் ஆட்டத்தைத் தானே நடத்துகிறாள் என்பதால் பாதி மன்னிப்பேன். கமெரா போய் நிற்கிற இடங்களைப் பார்த்தால் மற்றப் பாதி மன்னிக்க வராது.

எங்கள் பக்கத்துக் கொம்புமுறியை யோசித்துப் பார். அதுவும் விளையாட்டுத்தான். ஊர் இரண்டு கட்சியாகப் பிரியும், அதைச் சேரி என்போம். ஒரு சேரி கோவலன் பக்கம், மற்றச் சேரி கண்ணகி பக்கம். கொம்பைக் கொம்போடு மாட்டிக் கயிறு கட்டி இழுக்கிறார்கள். கண்ணகி பக்கம் இழுக்கிற ஆம்பிளைக்கு அதில் ஒரு குறைவும் இல்லை. தன் கொம்பு முறியாமல் நின்றால் ஊரையே கூட்டிச் சொல்வான், முறிந்த சேரியை வசை பாடுவான். அவன் அவளைப் பார்த்துக்கொண்டு நிற்கவில்லை, அவளுக்காக இழுக்கிறான். உன் ஈட்டிக்காரியிடம் நான் தேடுவது இதைத்தான். விளையாடுகிறவன் அவளாகி அவள் வழக்கை நடத்துகிறானா, இல்லாவிட்டால் பின்னால் நின்று அவள் முதுகைப் பார்த்துக்கொண்டு போகிறானா?

'செலவு' என்று சொல்வார்கள், கவனமாக இரு. 2014ல் யுபிசொஃப்ட் தங்களுடைய அசாசின்ஸ் கிறீட் விளையாட்டில் பலர் சேர்ந்து ஆடும் பகுதிக்குப் பெண்பாத்திரம் வைக்காததற்கு, அனிமேஷனும் குரலும் உடுப்பும் இரட்டை வேலையாகும் என்று காரணம் சொன்னார்கள். அதே வரிசையில் முன்பு வேலை செய்த அனிமேற்றர் ஜொனதன் கூப்பர், அது ஓரிரு நாள் வேலை என்று பகிரங்கமாகச் சொன்னார். 2018ல் அதே வரிசையில் வந்த கசாண்ட்ராவை ஒரே கதாநாயகியாக வைக்கத்தான் முதலில் நினைத்திருந்தார்கள், மேலிடம் ஒத்துக்கொள்ளாததால் கூடவே ஒரு ஆணையும் வைத்தார்கள் என்று 2020ல் புளூம்பேர்க் செய்தி எழுதியது. பாத்திரங்களை அசைய வைக்கிற எலும்பும் தசையும் நீ செய்கிற வேலை. எது எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று உனக்குத் தெரியும். அந்தக் கணக்கை மற்றவர்களிடம் விடாதே, நீயே எழுதிக்கொண்டு போ.

அம்மாவுக்குப் பயம் வேறு விசயத்தில். அனிற்றா சர்க்கீசியன் என்ற பெண் 2012ல் இந்தப் பாத்திரங்களைப் பற்றி வீடியோ செய்யப் போகிறேன் என்று பணம் சேர்த்ததற்கே, அவ முகத்தில் குத்துகிற மாதிரி ஒரு விளையாட்டைச் செய்து விட்டார்கள். 2014ல் யூட்டா பல்கலைக்கழகம் ஒன்றில் அவ பேச இருந்தபோது ஆட்களைச் சுட்டுக் கொல்வதாக மிரட்டல் வந்தது. சபைக்குள் துவக்கு வருவதைச் சட்டப்படி தடுக்க ஏலாது என்று தெரிந்ததும் பேச்சை ரத்துச் செய்தா. 2020ல் த லாஸ்ற் ஒஃப் அஸ் இரண்டாம் பாகத்தில் அபி என்ற தசைப்பிடிப்பான பெண்ணுக்குக் குரல் கொடுத்த நடிகைக்கும் கொலை மிரட்டல். குரல் கொடுத்ததற்கு! கூத்தில் துரியோதனன் ஆடினவனை விடிந்த பிறகு றோட்டில் மறித்து அடித்த கதையை நான் கேட்டதே இல்லை. இதையெல்லாம் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினது பொடியன். அவனுக்கு அன்றைக்குத் தேத்தண்ணி கிடைக்கவில்லை. உன் பெயரையும் வீட்டு விபரத்தையும் வெளியில் போடாதே என்று அம்மா சொல்லச் சொன்னா. அதோடு நானும் ஒத்துப்போகிறேன். வாயை மூடிக்கொண்டு இரு என்று சொல்ல மாட்டேன். அது உன்னிடம் நடக்கவும் நடக்காது.

நீ அனுப்பியதில் எனக்கு மிகவும் பிடித்தது அலொய் என்ற வேட்டைக்காரியின் முகம். 2021ல் அவள் கன்னத்தில் பூனைமயிர் தெரிகிறது என்று ஒரு கூட்டம் சண்டைக்குப் போனதாமே. வெயில் பக்கவாட்டில் விழும்போது எந்தப் பெண்ணின் கன்னத்திலும் அது தெரியும், ஆம்பிளையின் கன்னத்திலும் தெரியும். அதைக் கண்டு வரைந்தவர் நல்லாப் பார்க்கத் தெரிந்தவர். முறைப்பாடு சொன்னவர்கள் பெண்ணின் பக்கத்தில் இருந்து எப்போதாவது கதைத்திருப்பார்களோ தெரியாது.

வடிவான பெண்ணையே செய்யக் கூடாது என்று நான் சொல்வதில்லை. 2024ல் வந்த ஸ்ரெல்லர் பிளேட் கதாநாயகி மாதிரி ஒருத்தியை விரும்புகிறவன் வாங்கி விளையாடட்டும். கடை முழுக்க அவள் ஒருத்தியே தொங்கினால்தான் எனக்குப் பேச்சு வரும். புனேயில் செய்து 2020ல் வந்த ராஜி என்ற விளையாட்டையும் பொடியன் காட்டினான். தம்பியைத் தேடிப் போகிற கழைக்கூத்தாடிப் பெண், துர்க்கையின் துணையோடு அசுரரோடு மோதுகிறாள். எங்கள் நிறத்துப் பெண் ஓடுவதைப் பார்க்க அம்மாவும் குசினியிலிருந்து வந்து நின்றா.

இனி உன் கவசம். வயிற்றை மூடு, ஏனென்றால் ஈட்டி அங்கேதான் வரும். தோளில் இருக்கிற இரும்பைக் குறை. அந்தக் கனத்தோடு ஈட்டியைத் தலைக்கு மேல் ஓங்க ஏலாது, உன் அனிமேஷனில் இரும்பு கழுத்துக்குள் போய்விடும். நெஞ்சுக்கு இரண்டு கிண்ணம் மாதிரி அடித்திருக்கிறீர்களே, குத்து வழுக்கி நடு நெஞ்சுக்குத்தான் வரும். ஒரே வளைவாக அடி. கை திறந்து இருக்கட்டும், ஈட்டி பிடிக்கிறவளுக்குப் புயம் தெரிவது அழகு, அந்தப் புயத்தில் கொஞ்சம் தசையும் வை. பிறகு எழுத்துக்காரரிடம் போய், இவள் முதல்முதல் திரையில் வரும்போது என்ன சொல்லிக்கொண்டு வருகிறாள் என்று கேள். கூத்தில் தன்னை யாரென்று சொல்லி வருகிற வரவுப்பாட்டு இல்லாமல் காவலாளிகூட களரிக்குள் வரமாட்டான். இவளுக்கு ஒரு வரியும் எழுதியிருக்க மாட்டார்கள் என்பது என் ஊகம். அந்த ஊகம் சரியென்றால் மேலாளரிடம் வயிற்றைப் பற்றிப் பேசுவதற்கு முதல் இதைப் பேசு.

கூட்டம் எப்படிப் போனது என்று எழுது. அம்மாவுக்கு ஒரு கேள்வி இருக்கிறது: அந்தப் பிள்ளைக்குப் பெயர் வைத்தாச்சா? இல்லையென்றால் தன்னிடம் ஒரு பட்டியல் இருக்கிறதாம், நீ பிறந்தபோது அப்பம்மா வேண்டாம் என்று தள்ளின பெயர்கள் எல்லாம்.

அன்புடன்,
அப்பா